ஒரு லட்ச ரூபாய் ஸ்பேனர் பெட்டி யாருக்கு வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர் எழுதியிருந்தார். மெக்கானிக் தொழிலுக்கு வரும் பையன்கள் ஆரம்பத்திலேயே நல்ல வெளிநாட்டு ஸ்பேனர், நட்டின் தலையில் குல்லா மாதிரி மாட்டும் சாக்கெட் செட் எல்லாம் வாங்கிவிட வேண்டும், கடன் வாங்கியாவது வாங்க வேண்டும், அது செலவு இல்லை முதலீடு என்கிறார். படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. விலை கூடிய டூல்ஸ் நல்லவை, அதில் எனக்கு அவரோடு சண்டை இல்லை. ஆனால் அந்த விலைக்கு நம் கைக்கு வந்து சேர்வது என்ன, எந்த டூலுக்கு அந்தக் காசு தகும், எதற்குத் தகாது என்று பிரித்துப் பார்க்காமல் ஒரு லட்ச ரூபாய் பெட்டி மொத்தத்தையும் வாங்கு என்று இருபது வயதுப் பையனிடம் சொன்னால் அவன் கடன்காரனாகத்தான் தொழிலுக்குள் வருவான். என் கணக்கில் ஒரு மெக்கானிக் பெட்டியில் நாலைந்து சாமானுக்கு மட்டும் கூடக் காசு கொடுக்கலாம். மீதிக்கு நம் நாட்டு நல்ல கம்பெனிச் சரக்கே தாராளம். அந்த நாலைந்திலும் பாதியை வாங்க வேண்டியது பட்டறை முதலாளி.

நான் திருச்செங்கோட்டில் பட்டறை வைத்திருக்கிறேன். லாரியும் பார்க்கிறோம், போர்வெல் போடும் ரிக் வண்டியும் பார்க்கிறோம். இந்தியாவில் எந்த மூலையில் போர்வெல் போட்டாலும் எங்க ஊர் வண்டியைப் பார்க்கலாம் என்பது கொங்கு நாட்டுக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். மச்சான் ஈரோட்டில் டூவீலர் பட்டறை வைத்திருக்கிறார். எங்கள் இரண்டு பட்டறையிலும் சேர்த்துப் பார்த்தால் ஜெர்மன் சாமான் இருக்கிறது, ஜப்பான் சாமான் இருக்கிறது, நாசிக்கிலிருந்து வரும் டபாரியா இருக்கிறது, ஜலந்தரில் அடித்துப் பேர்கூட அழிந்துபோன ஸ்பேனரும் இருக்கிறது. எல்லாவற்றையும் பிடிப்பது அதே கிரீஸ் கை, துடைப்பதும் அதே திருப்பூர் பனியன் வேஸ்ட். ஆகவே எது உழைக்கிறது, எது ஏமாற்றுகிறது என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

முதலில் அந்த விலை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். எல்லாரும் வாயில் வைத்திருக்கும் பெயர் ஸ்னாப்-ஆன். 1920-ல் அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தில் தொடங்கிய கம்பெனி. அதுவரை ஒவ்வொரு சைஸுக்கும் கைப்பிடியோடு சேர்ந்த தனித்தனி ரென்ச். இவர்கள் கைப்பிடியை வேறாகவும் சாக்கெட்டை வேறாகவும் செய்து, அஞ்சு கைப்பிடியும் பத்து சாக்கெட்டும் இருந்தால் ஐம்பது ரென்ச் வேலை நடக்கும் என்று விற்றார்கள். இன்று நாம் ராட்செட்டில், அதாவது கழற்றாமலே முன்னும் பின்னும் ஆட்டித் திருப்பும் கைப்பிடியில், சாக்கெட்டைச் சொருகித் திருப்புகிறோமே, அந்த வழக்கத்தைத் தொழிலில் பரப்பியவர்கள் என்று அவர்களைச் சொல்லலாம். பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் இன்று அவர்கள் வாங்கும் விலையில் இரும்புக்கு எவ்வளவு, மற்றதற்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் அந்தக் கம்பெனி வேன் வாராவாரம் பட்டறை வாசலுக்கே வருகிறது. ராட்செட் உடைந்திருந்தால் அங்கேயே மாற்றிக் கொடுப்பான், புதுசு வேண்டுமென்றால் தவணைக்குக் கொடுப்பான், வாரம் இவ்வளவு என்று வசூல் பண்ணிக்கொண்டு போவான். அந்த வேன், அந்த ஆள், அந்தத் தவணை, உடைந்தால் கேள்வி கேட்காமல் மாற்றுவது, இத்தனைக்கும் சேர்த்துத்தான் விலை. அது அந்த ஊருக்குச் சரி. அங்கே மெக்கானிக் வேலைக்குப் போகும்போதே தன் டூல் பெட்டியைத் தானே கொண்டுபோக வேண்டும். ஒரு மணி நேரம் கையில் டூல் இல்லை என்றால் அவன் கூலிதான் போகும்.

திருச்செங்கோட்டில் அப்படி ஒரு வேன் வாசலில் வந்து நின்று நான் பார்த்ததில்லை. ஆன்லைனில் பார்சலில் வாங்குகிறோம். உடைந்தால் யாருக்கு எழுதுவது, எப்போது வரும், அனுப்புகிற செலவு யார் தலையில், ஒன்றும் தெளிவில்லை. அதாவது வேனுக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு வேன் இல்லாமல் இருக்கிறோம். இதற்குப் பதில் கடைவீதியில் டபாரியா வாங்கினால் வாய் விரிந்த ஸ்பேனரைக் கொண்டுபோய்க் காட்டி வேறு கேட்கலாம், கடைக்காரர் முகம் தெரிந்தவர், முனகிக்கொண்டாவது மாற்றித் தருவார்.

ஜெர்மன் சாமான் கதை கொஞ்சம் வேறு. வுப்பர்டால், ரெம்ஷைட் என்று பக்கத்துப் பக்கத்து ஊர்கள். ஸ்டால்வில்லே 1862-லும், கட்டிங் பிளேயருக்குப் பேர்போன க்நிபெக்ஸ் 1882-லும் வுப்பர்டால் பக்கம் தொடங்கியவை. ஹாசெட் 1868, கெடோர் 1919, இரண்டும் ரெம்ஷைட். தலைமுறை தலைமுறையாக அதே வேலையைச் செய்தவர்கள், அங்கத்திய கூலிக்குச் செய்கிறார்கள். அந்தச் சாமானைக் கையில் எடுத்தால் வித்தியாசம் தெரியத்தான் செய்கிறது. சுவர் மெல்லிசு, ஆனால் வளையாது. இடுக்கில் நுழையும். க்நிபெக்ஸ் பிளேயர் ஒன்று எங்கள் பட்டறையில் எத்தனையோ கை மாறியும் வெட்டும் முனை இன்னும் கம்பியைச் சுத்தமாக நறுக்குகிறது. ஆக, நல்ல சாமானே இல்லை என்று நான் வாதாட வரவில்லை.

இப்போது ஸ்பேனருக்கு வருவோம், ஏனென்றால் காசு அதிகம் கரைவது அங்கேதான். ஸ்பேனர் செய்யும் வேலை என்ன? நட்டின் ஆறு பக்கத்தைப் பிடித்துத் திருப்புவது. வாய் திறந்த பிக்ஸ் ஸ்பேனர் இரண்டு பக்கம்தான் பிடிக்கும், பலம் இரண்டு மூலையில் போய் உட்காரும். வளையம் மாதிரி இருக்கும் ரிங் ஸ்பேனர் ஆறு மூலையையும் பிடிக்கும். துருப்பிடித்த சைலன்ஸர் மேனிஃபோல்டு நட்டு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். வருஷக்கணக்காகச் சூடாகிச் சூடாகி மேல்தோல் செதில் செதிலாகப் பெயர்ந்திருக்கும், பதினாலு என்று ஆரம்பித்த நட்டு பதினாலுக்கும் குறைந்திருக்கும். அதில் பிக்ஸ் ஸ்பேனர் போட்டு ஒரு தம் கொடுத்தால் மூலை சீவி எடுத்த மாதிரி மழுங்கிவிடும். அப்புறம் கேஸ் வைத்துச் சூடு பண்ணி, உளி வைத்து அடித்து, அதுவும் ஆகாமல் மழுங்கின நட்டு மேல் இன்னொரு நட்டை வெல்டிங் வைத்து எடுக்க வேண்டும். அரை நாள் போச்சு. இந்த இடத்தில் விலை கூடிய ஸ்பேனர் காப்பாற்றுமா? ஓரளவு காப்பாற்றும். வாய் விரியாது, அளவு கச்சிதமாக இருக்கும். ஆனால் அதைவிட அதிகம் காப்பாற்றுவது ஆறு மூலை சாக்கெட். பன்னிரண்டு மூலை சாக்கெட்டை விட்டுவிட்டு ஆறு மூலை சாக்கெட்டை எடுத்தாலே பாதி நட்டு மழுங்காது. அது இந்தியச் சரக்கிலேயே கிடைக்கிறது.

மூலையில் அழுத்தாமல் பக்கச் சுவரில் அழுத்துகிற மாதிரி சாக்கெட்டின் உள்வாயை வளைத்துச் செய்கிறார்களே, அதையும் ஸ்னாப்-ஆன் தான் 1960-களில் பேர் எடுக்க வைத்தது. அந்தக் காப்புரிமை முடிந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இன்று நடுத்தர விலைச் சாக்கெட்டிலும் அதே வளைவு இருக்கிறது. ஒரு காலத்தில் அந்த விலைக்கு அதுதான் நியாயமான காரணம். இப்போது அந்தக் காரணம் இல்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும், இதை யாரும் எழுதுவதில்லை. நம் பக்கம் போல்ட் மழுங்குவதற்கு மட்ட ஸ்பேனரைவிடத் தப்பு சைஸ்தான் பெரிய காரணம். தண்டு எட்டு எம்எம் இருக்கும் போல்ட்டுக்கு மாருதி மாதிரி ஜப்பான் வழி வந்த வண்டியில் பெரும்பாலும் 12-ம் நம்பர் தலை, ஐரோப்பிய வழி வந்த வண்டியில் 13. பத்து எம்எம் போல்ட்டுக்கு ஜப்பான் வழியில் 14, ஐரோப்பிய வழியில் 16, பழைய ஜெர்மன் கணக்கில் 17. அமெரிக்க டிசைன் கம்ப்ரசர் வந்தால் இஞ்ச் போல்ட். பதினாறில் ஒன்பது (9/16) இஞ்ச் என்றால் 14.3 எம்எம், 14 ஏறாது, 15 போட்டால் ஆடும். பையன் அவசரத்தில் 15-ஐ மாட்டி ஒரு பைப்பையும் சொருகி இழுப்பான். ஜெர்மனியிலிருந்து தங்கத்தில் செய்து கொண்டுவந்தாலும் 15 ஸ்பேனர் 14.3 நட்டை மழுக்கத்தான் செய்யும். சைஸ் முழுசாக இருக்கிற சாதாரண செட் ஒன்று, பாதி சைஸ் இல்லாத விலை கூடிய செட்டைவிட ஆயிரம் மடங்கு மேல். இரண்டு செட் வெளிநாட்டு ஸ்பேனர் வாங்கும் காசில் மில்லி, இஞ்ச், ரிங், பிக்ஸ், டி ஸ்பேனர் என்று இந்தியச் சரக்கில் பட்டறையையே நிரப்பிவிடலாம்.

ரிக் வண்டிக்கு வருகிறேன். எங்க ஊர் வண்டி கிளம்பினால் மாதக்கணக்கில் வெளியே. ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று போகும். கூடவே ஒரு டூல் பெட்டி போகும், அதில் பெரிய ரிங் ஸ்பேனர், பைப் ரென்ச், வீல் ஸ்பேனர், செயின் எல்லாம் கிடக்கும். வண்டி போய்ச் சேருவதற்குள் போன் வந்துவிடும், "அண்ணா, இருபத்துநாலு இருபத்தேழு ரிங்கைக் காணோங்க" என்று. ராத்திரி வேலை, சேறு, நுரை, கூட்டம். ஸ்பேனரை மண்ணில் வைத்தால் மண்ணோடு போகும், வண்டிப் படியில் வைத்தால் அடுத்த ஊரில் விழும், பக்கத்து ரிக் ஆள் இரவல் வாங்கினால் அவன் ஊருக்குப் போய்விடும். இதெல்லாம் பரவாயில்லை, ஆறரை இஞ்ச் போருக்குள் ஒரு ஸ்பேனர் விழுந்தால் கதையே வேறு. வேலை நின்றுவிடும், காந்தம் விட்டுத் துழாவ வேண்டும், கிடைக்காமல் அதன் மேலேயே பாறை குடையும் பிட்டை இறக்கினால் பிட்டின் முனையில் இருக்கும் கடினமான பட்டன் சிதறும். அதனால்தான் விவரமான டிரில்லர் போர் வாய்க்கு மூடி போடாமல் அதன் பக்கத்தில் ஸ்பேனரையே எடுக்க விடமாட்டார். அந்த வண்டிப் பெட்டியில் கொண்டுபோய் விலை கூடிய சாமானை வைப்பதில் ஒரு புத்திசாலித்தனமும் இல்லை. தொலையும் இடத்தில் வேலை செய்யும் டூல், தொலைந்தால் வயிறு எரியாத விலையில் இருக்க வேண்டும்.

அதே ரிக் வண்டியில் மட்டச் சரக்கும் ஆகாது, அதையும் சொல்லிவிடுகிறேன். காட்டுக்குள் வண்டி நிற்கும்போது ஒரே ஒரு ராட்செட்டில் பல் வழுக்கினால் பக்கத்தில் கடை கிடையாது. வண்டி ஒரு நாள் சும்மா நின்றால் அந்த நஷ்டத்தில் நல்ல ராட்செட் எத்தனையோ வாங்கலாம். ஆகவே உள்ளே அசையும் பாகம் இருக்கிற டூலுக்குத்தான் காசு கூடக் கொடுக்கலாம் என்பேன். ஸ்பேனர் ஒரே துண்டு இரும்பு, அதில் கெட்டுப்போக அதிகமில்லை. ராட்செட்டுக்குள் பல் சக்கரம், ஸ்பிரிங், பால் எல்லாம் இருக்கிறது. 24 பல் ராட்செட் ஒரு பல் தாண்ட 15 டிகிரி சுற்ற வேண்டும், 72 பல் என்றால் 5 டிகிரி போதும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் பின்னால் கை நுழையாத இடத்தில் இந்த 5 டிகிரிதான் வேலையை முடித்துக் கொடுக்கும். ஆனால் பல் பொடிசாக ஆக ஆகப் பதம் சரியாக இருக்க வேண்டும், மட்டச் சரக்கில் 72 பல் என்று போட்டிருந்தால் அது ஒரு பலமான இழுப்பில் வழுக்கி, முட்டி போய் சேஸிஸில் இடிக்கும். நல்ல கம்பெனி ராட்செட்டுக்கு உள்சாமான் கிட் தனியாகக் கிடைக்கும், மாற்றிக்கொண்டே போகலாம். இது நான் சொல்லும் நாலைந்தில் முதலாவது.

இரண்டாவது, யாரும் எதிர்பார்க்காதது. கூட்டல் குறி மாதிரி முனை இருக்கும் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர். ஜப்பான் டிசைன் வண்டிகளில், நாம் ஓட்டும் பைக்குகளில் பாதி அந்த வம்சம்தானே, கார்ப்பரேட்டர், சைடு கவர் ஸ்க்ரூக்களின் தலைப் பள்ளம் ஜப்பான் அளவில் இருக்கும். பல ஸ்க்ரூவில் தலை மேல் சின்னதாக ஒரு புள்ளி குத்தியிருப்பார்கள், அதுதான் அடையாளம். சாதாரண பிலிப்ஸ் டிரைவரை அதில் வைத்தால் அடிவரை உட்காராமல் மேலேயே நின்று, திருப்பும்போது ஏறி வழுக்கி, பள்ளத்தைக் கிண்டிவிடும். நாம் என்னடா ஸ்க்ரூ இவ்வளவு மட்டம் என்று கம்பெனியைத் திட்டுவோம். மச்சான் பட்டறையில் ஜப்பான் அளவு முனை உள்ள டிரைவர் ஒன்று வாங்கி வைத்த பிறகு கார்ப்பரேட்டர் ஸ்க்ரூவை உளி வைத்துத் தட்டி எடுக்கும் வேலையே அநேகமாக நின்றுபோய்விட்டது. ஒசாகாவின் வெஸ்ஸல் மாதிரி நல்ல கம்பெனி டிரைவரே சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஒரு லட்ச ரூபாய் பெட்டியைப் பற்றிப் பேசுகிறவர்கள் டூவீலர் பையன்களிடம் இந்தச் சில நூறு ரூபாயைப் பற்றிச் சொல்லியிருந்தால் எவ்வளவோ புண்ணியம்.

மூன்றாவது உயிர் சம்பந்தப்பட்டது, ஆகவே கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். காற்றின் வேகத்தில் நட்டை அடித்துத் திருப்பும் ஏர் கன்னில் பளபளவென்று குரோம் பூசின சாதாரணச் சாக்கெட்டை மாட்டவே கூடாது. கையால் திருப்பும் சாக்கெட் குரோம் வனேடியம், சுவர் மெல்லிசு, விறைப்பு அதிகம். கன்னுக்கு என்றே செய்யும் சாக்கெட் கறுப்பாக, தடிமனாக இருக்கும், பெரும்பாலும் குரோம் மாலிப்டினம், அடி வாங்கினால் தாங்கும். பக்கத்து ஊர்ப் பட்டறை ஒன்றில் லாரி வீல் நட்டுக்குக் குரோம் சாக்கெட்டை மாட்டி அடித்து, அது பிளந்து ஒரு சில்லு தெறித்து, எதிரே நின்ற பையனுக்குப் புருவத்துக்கு மேலே ஏறிவிட்டது. ஒரு விரற்கடை கீழே என்றால் கண். கறுப்புச் சாக்கெட் நல்லதாக வாங்குங்கள், கண்ணாடி மாட்டச் சொல்லுங்கள். இதில் வெளிநாடா உள்நாடா என்ற கேள்வியே வேண்டாம், கன்னுக்கு உண்டானதா இல்லையா என்று மட்டும் பாருங்கள்.

நாலாவது, எவ்வளவு பலமாக முறுக்குகிறோம் என்று அளவு வைத்து முறுக்கும் டார்க் ரென்ச். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு என்ஜினைச் சுற்றி அலுமினியம், சென்சார், பிளாஸ்டிக் என்று நிறைந்துவிட்டது. ஆறு எம்எம் போல்ட்டை அலுமினியத்தில் சுமார் 10 நியூட்டன் மீட்டருக்கு (முறுக்கு பலத்தின் அளவு அது) மேல் முறுக்கினால் மரை பிடுங்கிக்கொண்டு வரும். கார் வீல் நட்டுக்கு ஏறத்தாழ 100. லாரி வீல் நட்டுக்குப் பல நூறு. நம் ஆள் என்ன செய்கிறார், வீல் ஸ்பேனரில் ஒரு மீட்டர் பைப்பைச் சொருகி மேலே ஏறி நிற்கிறார். அறுபது கிலோ ஆள் அந்த முனையில் நின்றால் கிட்டத்தட்ட 590 நியூட்டன் மீட்டர், ஒரு குதி குதித்தால் அதற்கும் மேல். கை அளவு, அனுபவம் என்று பேசுவார்கள். அனுபவத்தை நான் மதிக்கிறேன், ஆனால் பசியோடு இருக்கும் காலைக்கும் தூக்கம் வரும் ராத்திரிக்கும் கை ஒரே அளவாக இழுக்காது. டார்க் ரென்ச் வேண்டும். ஆனால் அதில் பிராண்டுக்குக் கொட்டும் காசைவிட, வருஷத்துக்கு ஒரு தடவை, அல்லது ஐயாயிரம் தடவை முறுக்கியதும், சோதனைக்கூடத்தில் கொடுத்துச் சரி பார்ப்பதுதான் முக்கியம். டார்க் ரென்ச்சுக்கான உலகத் தரமான ஐஎஸ்ஓ 6789 சொல்வதும் அதைத்தான். கோவையில் என்ஏபிஎல், அதாவது சோதனைக்கூடங்களுக்கான தேசிய வாரியத்தின், அங்கீகாரம் உள்ள கூடங்கள் இருக்கின்றன. வேலை முடிந்ததும் ஸ்பிரிங்கை அதில் இருக்கும் மிகக் குறைந்த அளவுக்குத் தளர்த்தி வைக்க வேண்டும். சரி பார்க்காத ஜெர்மன் டார்க் ரென்ச்சைவிடச் சரி பார்த்த நடுத்தர விலை ரென்ச்சை நான் நம்புவேன்.

மட்டச் சரக்கு என்று சொல்லும்போது டூப்ளிகேட்டைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். எல்லா ஸ்பேனரிலும் குரோம் வனேடியம் என்று எழுதியிருக்கிறது, எழுதுவதற்கு யார் காசு கேட்டார்கள்? நல்ல கம்பெனிப் பெயரையே ஓர் எழுத்து மாற்றி அடித்துப் பாதி விலைக்குத் தருகிறார்கள். வாங்கும்போது ஒரு புது போல்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள், ஸ்பேனர் வாயில் வைத்து ஆட்டிப் பாருங்கள், லொட லொட என்றால் அங்கேயே வைத்துவிடுங்கள். வாயின் உள்பக்கம் இரண்டும் இணையாக இருக்கிறதா, விளிம்பில் பூச்சு கொப்பளித்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். பில் கேளுங்கள். பில் தராத கடைக்காரர் உடைந்தாலும் மாற்றித் தரமாட்டார்.

பில் என்றதும் இன்னொரு வயிற்றெரிச்சல். மண்வெட்டிக்கும் அரிவாளுக்கும் ஜிஎஸ்டி கிடையாது, நல்லது, விவசாயி கையில் இருக்கும் சாமான். ஸ்பேனருக்கு 18 சதவீதம். ஜிஎஸ்டி பதிவு இல்லாத சின்னப் பட்டறைக்காரர் அந்த வரியைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை. டூப்ளிகேட் சரக்கு பில் இல்லாமல் ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம். மத்திய அரசு 2023 செப்டம்பரில் கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டத்தில் 18 தொழில்களுக்கு 15,000 ரூபாய் வரை கருவிகள் வாங்க உதவி என்று வைத்தார்கள். கொல்லர் இருக்கிறார், பூட்டுச் செய்பவர் இருக்கிறார், மோட்டார் மெக்கானிக் இல்லை. நம் மாநிலம் இப்போதைய வடிவில் அதை ஏற்க மாட்டோம் என்று 2024-ல் சொல்லிவிட்டது, அது வேறு விஷயம். எந்த அரசு எந்தப் பெயரில் கொடுத்தாலும் ஐடிஐ முடித்து வரும் பையன்களை மறந்துவிடக் கூடாது என்பதுதான் என் வேண்டுகோள்.

அந்த 15,000 ரூபாய் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். ஒரு பையன் என்னிடம் வந்து அண்ணா என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது என்ன வாங்கட்டும் என்று கேட்டால், நான் ஒரு செட் இந்திய பிக்ஸ் ஸ்பேனர், ஒரு செட் ரிங், அரை இஞ்ச் டிரைவில் ஆறு மூலை சாக்கெட் செட், அதில் இருக்கும் ராட்செட்டை ஒதுக்கிவிட்டு அதற்குப் பதில் நல்லதாக ஒன்று, டூவீலர் வேலை என்றால் டி ஸ்பேனரும் ஜப்பான் அளவு டிரைவரும், ஒரு கட்டிங் பிளேயர், நோஸ் பிளேயர், ஆலன் கீ, சுத்தியல் என்று வாங்கித் தருவேன். கொஞ்சம் பார்த்து வாங்கினால் அதற்குள் அடங்கும், 10-ம் நம்பர் சாக்கெட் கூடவே ஒன்றிரண்டு வாங்கிவைக்கவும் மிச்சம் இருக்கும், ஏனென்றால் எந்தப் பட்டறையிலும் முதலில் காணாமல் போவது அதுதான். இரண்டு மூன்று வருஷம் வேலை பார்க்கட்டும். எந்த ஸ்பேனர் தினம் கையில் ஏறுகிறதோ, எது தேய்கிறதோ, அதை மட்டும் அப்புறம் விலை கூடியதாக மாற்றட்டும். லாரிக்காரனுக்கு அது ஒரு சைஸ், கார்க்காரனுக்கு வேறு சைஸ். முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மாதம் பதினைந்தாயிரம் சம்பளம் வாங்கும் பையன், போனில் அமெரிக்கப் பட்டறை வீடியோவைப் பார்த்துவிட்டு, ஆள் உயர டிராயர் பெட்டி, உள்ளே வரிசையாக ஸ்பேனர், எல்லாம் மின்னுகிறது, மனசு போகத்தானே செய்யும், ஏதோ ஒரு லோன் ஆப்பில் கடன் எடுத்து செட் வாங்கினான். எனக்குத் தெரிந்த வீட்டுப் பையன். நாலாவது தவணையிலேயே திணறி, அம்மாவின் தோட்டை அடகு வைத்துக் கட்டினார்கள். பட்டறையில் இருக்கும் மற்றவர்கள் அவன் பெட்டியிலிருந்து எடுத்து எடுத்து வேலை செய்தார்கள், ஒரு பைசா யாரும் அவனுக்குத் தரவில்லை. சம்பளமும் ஏறவில்லை. அங்கே, அமெரிக்காவில், சொந்த டூல் இருந்தால்தான் வேலையே. இங்கே பெரும்பாலான பட்டறையில் டூல் முதலாளியுடையது. இந்த ஒரு வித்தியாசத்தை அந்த வாசகர் விட்டுவிட்டார். அங்கத்திய மெக்கானிக்குக்கு முதலீடாக இருப்பது இங்கத்திய பையனுக்குக் கடன் மட்டும்தான்.

யார் வாங்கலாம் என்று கேட்டால், தாராளமாக வாங்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள். கோவையில் ஐரோப்பியக் கார் மட்டும் பார்க்கும் பட்டறைகளில், நாள் முழுக்க இடுக்குக்குள் கையை விட்டு வேலை செய்கிறவர்களுக்கு மெல்லிய சுவர் ஸ்பேனர் ஆடம்பரம் இல்லை. அவர்கள் வாங்கும் கூலியும் அதற்குத் தகுந்தது. சொந்தமாகப் பட்டறை வைத்து, பெட்டிக்குப் பூட்டுப் போட்டு, தன் கையால் மட்டும் வேலை செய்கிற ஆசாமி ஆசைப்பட்டு வாங்கினால் அதிலும் தப்பில்லை. நல்ல டூலைக் கையில் பிடிக்கும் சந்தோஷம் எனக்கும் தெரியும், எங்கள் பட்டறையில் இருக்கும் அந்த ஜெர்மன் ரிங் ஸ்பேனரை நான் யாருக்கும் இரவல் கொடுப்பதில்லை.

இது தவிர எனக்கு வெகுநாளாக ஒரு கேள்வி. பம்பு, மோட்டார், கிரைண்டர், வார்ப்பு, கம்ப்ரசர் எல்லாம் கோவையைச் சுற்றிச் செய்கிறோம், நாடு முழுக்க அனுப்புகிறோம். என் பெட்டியைத் திறந்தால் நல்ல ஸ்பேனர் எல்லாம் நாசிக், ஜலந்தர், லூதியானா. இரும்பை அடிக்கவும் பதம் போடவும் தெரிந்த ஊரில் ஒரு ரிங் ஸ்பேனர் செட் ஜெர்மன்காரன் அளவுக்குச் செய்ய முடியாதா? லாரியும் ரிக்கும் டிராக்டரும் இத்தனை ஓடும் பக்கத்தில் வாங்குவதற்கு ஆளா இல்லை? இதைப் பற்றித் தொழில் பக்கத்தில் ஒரு கட்டுரை போட்டால் என்னைப் போன்றவர்கள் ஆவலாகப் படிப்போம்.

கடைசியாக என்னைப் போன்ற பட்டறை முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. ஏர் கன் சாக்கெட், டார்க் ரென்ச், புல்லர், ஜாக் ஸ்டாண்டு இதெல்லாம் பையன் வாங்க வேண்டிய சாமான் இல்லை, நாம் வாங்கிவைக்க வேண்டியது. ஸ்பேனர் தொலைந்தது என்று சம்பளத்தில் பிடிப்பதற்கு முன்னால், சுவரில் ஒரு பலகை அடித்து ஒவ்வொரு சைஸுக்கும் ஆணி வைத்து, சாயங்காலம் எண்ணி மாட்டும் பழக்கத்தைக் கொண்டுவரலாம். எங்கள் பட்டறையில் அப்படித்தான் செய்கிறோம், தொலைவது பெரிதும் குறைந்திருக்கிறது. கடன் வாங்கி டூல்ஸ் வாங்குங்கள் என்று எழுதிய வாசகர், அவரும் பட்டறை வைத்திருப்பவர் என்று கடிதத்தில் தெரிகிறது, தன் பையன்களுக்கு என்னென்ன டூல் தன் காசில் வாங்கி வைத்திருக்கிறார் என்று அடுத்த வாரம் எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
லாரி, ரிக் பட்டறைக்காரர் ஒருவர்,
திருச்செங்கோடு.